பார்வையற்றோருக்கு வழி சொல்லும் விளக்கு: எங்கே சறுக்குகிறது?

கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது. அதனால், கூரையிலுள்ள ஒவ்வொரு எல்இடி விளக்கையும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கி, அதன் அடையாள எண்ணை அனுப்ப வைக்கலாம். ரிசீவர் அதைப் படித்து, பார்வையற்றவர் நிற்கும் இடத்தைக் காதில் சொல்லும். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ஏற்ற தலைப்புதான். லேப் மேசையில் ஜோராக ஓடுவது வராந்தாவுக்கு வந்ததும் சொதப்புவதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதல் காரணம், திசையை மறந்துவிடுவது. தலைக்கு மேலுள்ள விளக்குக்கு அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று தெரியாது. 'இடது பக்கம் திரும்புங்கள்' என்று பதிவுசெய்து வைத்தால், எதிர்த்திசையில் வருபவர் நேர்மாறான பக்கம் போவார். போனிலுள்ள காம்பஸோ இரும்புக் கம்பிகளுக்கும் லிஃப்டுக்கும் பக்கத்தில் தடுமாறும். அமெரிக்காவின் ஸ்மித்-கெட்டில்வெல் கண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான 'டாக்கிங் சைன்ஸ்' இதை எளிதாகத் தாண்டியது. சான் பிரான்சிஸ்கோவில் பொருத்தப்பட்ட அந்தப் பலகைகள் அகச்சிவப்பு ஒளியில் பேசின. கையிலுள்ள ரிசீவரை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, குரல் எங்கே தெளிவாகக் கேட்டதோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். எனவே கூரை விளக்கோடு நிறுத்தாமல், வாசலிலும் ஒளி அனுப்பும் கருவி ஒன்று வையுங்கள்.

ரிசீவரை வெள்ளைக் கோலில் கட்டுவது அடுத்த தவறு. கோல் இடமும் வலமும் வீசிக்கொண்டே இருக்கும். சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். பைக்குள் போட்டால் ஒளியே எட்டாது. தோள்பட்டையில் மேல்நோக்கிப் பொருத்துங்கள். ஜன்னலோரம் வெயில் நேரே விழுந்தால் ரிசீவரில் ஒளியை உணரும் 'போட்டோடையோடு' திணறும், நண்பகலிலும் சோதியுங்கள்.

ஒன்றுக்கு ஒளி, பூஜ்ஜியத்துக்கு இருள் என்று அனுப்பும்போது, தரவில் பூஜ்ஜியங்கள் தொடர்ந்து வந்தால் விளக்கு மங்கி மங்கி எரியும். ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை. மான்செஸ்டர் குறியீட்டில் ஒவ்வொரு பிட்டிலும் பாதி நேரம் ஒளி இருப்பதால் வெளிச்சம் சீராக இருக்கும். ஒளிவழித் தகவல் தொடர்புக்காக 2011-இல் வந்த ஐஇஇஇ 802.15.7 தரநிலையும் அதைப் பயன்படுத்துகிறது.

இரண்டு காதையும் இயர்போனால் அடைக்கவே கூடாது. கோல் தட்டும் ஒலி, எதிரே வரும் காலடிச் சத்தம் எல்லாம் அவருக்கு வழித்தகவல். வாக்கியமும் சுருக்கமாக இருக்கட்டும்: 'படி, கீழே, கைப்பிடி வலது.'

நண்பனின் கண்ணைக் கட்டி நடக்கவிட்டு 'டெஸ்டிங் முடிந்தது' என்று ரிப்போர்ட் எழுதுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவனுக்குக் கோல் பிடிக்கவும் தெரியாது, எதிரொலி கேட்டுச் சுவரை உணரவும் தெரியாது. கோலோடு தினமும் நடமாடும் ஒருவரைத் திட்டம் போடும்போதே கூப்பிட்டு, ரிசீவரை எங்கே மாட்டுவது, எந்தச் சொல் வேண்டாம் என்று கேளுங்கள். அவருடைய நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.