சிட்னில டெர்பி ரசிகரா இருக்கறது எப்படி: எந்த கிளப்பைப் புடிக்கணும், எப்படி கூட நிக்கணும்

சிட்னிக்கு வந்து பத்து வருஷம் ஆன நம்ம ஆளுங்க நிறைய பேரு இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து இங்கிலாந்து ஃபுட்பால் மேட்ச் பாக்குறாங்க. பாக்கட்டும், தப்பே இல்ல. ஆனா வீட்ல இருந்து ரெண்டு ஸ்டேஷன் தள்ளி நல்ல ஸ்டேடியம் இருக்கு, உள்ளூர் டீம் இருக்கு, அதுக்கு ஜென்மப் பகையா அதே ஊர்ல எதிர் டீமும் இருக்கு, அந்த ரெண்டும் மோதுற மேட்ச் தான் டெர்பி, அதை ஒரு தடவை கூட போய்ப் பாக்காம இருக்காங்களேன்னு எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும். நான் 2013-ல இருந்து வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் ஆளு, வீடு வென்ட்வொர்த்வில் பக்கம். புதுசா வர்றவங்க என்கிட்ட கேக்குறதுக்கெல்லாம் சேத்து இங்க எழுதிடுறேன்.

மொதல்ல வார்த்தைய சரி பண்ணிக்குங்க. இங்க ஆஃபீஸ்ல "ஃபுட்டி"ன்னு யாராவது சொன்னா அது நம்ம ஆட்டம் இல்ல, மெல்பர்ன்ல அது ஏஎஃப்எல், அதாவது ஆஸ்திரேலியாவுக்குன்னே உள்ள ஃபுட்பால், சிட்னில பெரும்பாலும் ரக்பி லீக். நம்ம ஆட்டத்தை பாதி ஊரு இன்னும் சாக்கர்ன்னு தான் சொல்லுது. அதுக்காக சண்டைக்குப் போகாதீங்க, சாக்கர்ன்னே சொல்லி பேச்சை ஆரம்பிச்சிட்டு ஸ்டேடியத்துக்கு உள்ள போனப்புறம் ஃபுட்பால்ன்னு சொல்லிக்கலாம்.

சரி, கிளப் எப்படி புடிக்கிறது. டேபிள்ல யாரு மேல இருக்கான்னு பாத்து புடிக்காதீங்க, உங்க வீடு எங்க இருக்குன்னு பாருங்க. ஏன்னா இங்க டெர்பின்னு ஒண்ணு வந்ததே அதனால தான். ஏ-லீக், அதாவது இங்க நம்ம ஆட்டத்தோட பெரிய லீக், 2005-ல ஆரம்பிச்சப்ப மொத்தம் 8 கிளப், ஒரு ஊருக்கு ஒரு கிளப்புங்கறது தான் கணக்கு, அதுல ஒண்ணு நியூசிலாந்து. அதுக்கு முன்னாடி 1977-ல இருந்து 2004 வரைக்கும் இருந்த தேசிய லீக்ல கிரேக்க ஆளுங்களுக்கு ஒரு கிளப், குரோஷியா ஆளுங்களுக்கு ஒண்ணு, இத்தாலி ஆளுங்களுக்கு ஒண்ணுன்னு சமூகம் சமூகமா பிரிஞ்சு இருந்துச்சு, புது லீக்ல அந்த கிளப்புகளையெல்லாம் ஓரமா வச்சுட்டு நகரத்தோட பேர்ல தொடங்கினாங்க. அதனால மொத சில வருஷம் பக்கத்து வீட்டுக்காரனோட மல்லுக்கட்ட வழியே இல்ல, சிட்னிக்காரனுக்கு மெல்பர்ன்காரன் தான் எதிரி. சிட்னி எஃப்சியும் மெல்பர்ன் விக்டரியும் மோதுறதை பிக் ப்ளூன்னு சொல்லுவாங்க, இன்னிக்கும் அது பெரிய மேட்ச் தான்.

அப்புறம் 2010-ல மெல்பர்ன் ஹார்ட் வந்துச்சு, 2012-ல சிட்னில வாண்டரர்ஸ், 2019-ல மெல்பர்ன் மேற்குல வெஸ்டர்ன் யுனைட்டட், 2020-ல சிட்னி தென்மேற்குல மெக்கார்த்தர். ஒரே நகரத்துக்குள்ள பகை வந்தது இப்படித்தான்.

என் அபிப்ராயம் என்னன்னா, லீக் போஸ்டர் அடிச்சு ஒட்டுறதால பகை வராது, ஊருக்குள்ள ஏற்கனவே ஒரு கோடு இருக்கணும். சிட்னில அந்தக் கோடு இருந்துச்சு. கடற்கரைப் பக்கம் ஒரு சிட்னி, ரயில்ல ஒரு மணி நேரம் தள்ளி மேற்குல ஒரு சிட்னி, மேற்குல இருந்து வரேன்னு சொன்னா ஒரு மாதிரி பாக்குற பார்வைய நாங்க எல்லாரும் பாத்திருக்கோம். வாண்டரர்ஸ் ஆரம்பிக்கும்போது மேற்குல ஊரு ஊரா கூட்டம் போட்டு ரசிகர்கள் கிட்டயே பேரு என்ன வைக்கலாம், கலர் என்ன வைக்கலாம்னு கேட்டாங்க, 1880-ல பாரமட்டால ஆடின வாண்டரர்ஸ்ங்கற டீம் பேரு, சிவப்பு கருப்பு கலர், இதெல்லாம் அப்படி வந்தது. 2012 அக்டோபர் 20, மொத டெர்பி, சிட்னி எஃப்சில அப்ப இத்தாலி ஸ்டார் டெல் பியரோ ஆடிட்டு இருந்தாரு, அவரு பெனால்டிய நம்ம கீப்பர் தடுத்து திரும்பி வந்த பந்தை அவரே உள்ள போட்டு 1-0. தோத்தோம். ஆனா அந்த சீசன் முடியும்போது டேபிள்ல மொத இடம் நம்மளுக்கு, மொத வருஷமே.

மெல்பர்ன்ல கதை வேற. விக்டரிக்கும் ஹார்ட்டுக்கும் நடுவுல கிழக்கு மேற்குன்னு ஒரு கோடு கிடையாது, ரெண்டு பேருக்கும் ஏஏஎம்ஐ பார்க் தான் ஸ்டேடியம். 2014-ல மான்செஸ்டர் சிட்டியோட குரூப் ஹார்ட்டை வாங்கி மெல்பர்ன் சிட்டின்னு பேரை மாத்தினப்புறம் விக்டரிக்காரங்களுக்கு திட்டறதுக்கு நல்ல காரணம் கெடச்சுது, பகையும் கெட்டியாச்சு. அங்க இருக்கறவங்க வீட்டு அட்ரஸை வச்சு முடிவு பண்ண முடியாது, கூட வேலை பாக்குற ரெண்டு பேரு, பையனோட பள்ளிக்கூட ஃப்ரெண்டு யாரு பக்கம்னு பாத்து அவங்களோட நாலு மேட்ச் போங்க, எந்தப் பக்கம் பாட்டு வாயில வருதோ அது உங்க பக்கம்.

இப்ப கஷ்டமான கேள்விக்கு வரேன். ஏற்கனவே ஒரு கிளப்போட இருக்கீங்க, திடீர்னு வீட்டுப் பக்கத்துலயே புது கிளப் வருது, என்ன பண்றது? எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் கேம்பல்டவுன்ல இருக்காரு, 2012-ல இருந்து எங்களோட பாரமட்டா வந்துட்டு இருந்தவரு. 2020-ல மெக்கார்த்தர் வந்துச்சு, லியூமியா ஸ்டேஷன்ல இறங்குனா ஸ்டேடியம், அவரு வீட்டுக்கு பக்கம். அவரோட ரெண்டு பசங்களும் பள்ளிக்கூடத்துல எல்லாரும் புல்ஸ் புல்ஸ்ன்னு (மெக்கார்த்தரோட செல்லப் பேரு) சொல்றாங்கன்னு அந்தப் பக்கம் போயிட்டாங்க. மெக்கார்த்தரோட மொத ஏ-லீக் மேட்சே எங்களோட தான், பாரமட்டாலயே வந்து 1-0 ஜெயிச்சுட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி அண்ணன் எனக்கு போன் பண்ணி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "பசங்க குதிக்கிறானுங்கடா, எனக்கு சந்தோஷப்படவும் முடியல திட்டவும் முடியல"ன்னாரு. அவரு இன்னும் வாண்டரர்ஸ் தான், பசங்க புல்ஸ் தான், ஒரே கார்ல ரெண்டு ஸ்கார்ஃப்.

அவரு பண்ணது தான் சரின்னு நான் சொல்லுவேன். ஒரு கிளப்புக்காக ஒரு தடவை நெஞ்சு அடைச்சிருந்தா அதை விட்டுடாதீங்க, பசங்களுக்கு அவங்க ஊரை அவங்க புடிச்சிக்கட்டும், கட்டாயப்படுத்தாதீங்க. இல்ல, புது கிளப் தான் என் ஊருன்னு மனசு சொல்லுதா, அப்ப சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முழுசா போயிடுங்க, மெம்பர்ஷிப் எடுங்க, பழைய ஜெர்சிய பீரோல வைங்க. ரெண்டு பக்கமும் நிக்கிறேன், யாரு ஜெயிச்சாலும் சந்தோஷம்ங்கறது மட்டும் வேணாம், அப்படி இருந்தா டெர்பில உங்களுக்கு ஒண்ணுமே கெடைக்காது.

இன்னொண்ணு, கூட நிக்கறதுன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது ஜெயிச்ச வருஷத்துல இல்ல. பழைய பாரமட்டா ஸ்டேடியத்தை இடிச்சுட்டு புதுசு கட்டுற வரைக்கும் ஹோம்புஷ்ல ஆடிட்டு இருந்தோம், 2019-ல தான் திரும்பி வந்தோம். அந்த மூணு வருஷம் அவ்ளோ பெரிய ஸ்டேடியத்துல கொஞ்சம் பேரு உக்காந்து கத்துனா சத்தம் மேல போய் அப்படியே காணாம போயிடும். ஆளு கொறஞ்சுது, பாட்டு கொறஞ்சுது. அப்ப வந்தவங்க மூஞ்சி இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு, பேரு தெரியாது, பாத்தா தலைய ஆட்டிக்குவோம்.

டெர்பிக்கு போறது எப்படின்னு சொல்றேன். பெரும்பாலும் ஒரு சீசனுக்கு மூணு சிட்னி டெர்பி வரும், சீசன் அக்டோபர்ல ஆரம்பிச்சு மே மாசம் வரைக்கும் போகும். டிக்கெட் எடுக்கும்போது பே, அதாவது ஸ்டாண்ட்ல எந்தப் பகுதி, எதுன்னு கவனமா பாருங்க. கோல் போஸ்டுக்குப் பின்னாடி ஆக்டிவ் ஏரியா, அங்க நிக்கிற ரசிகர் கூட்டம் வாண்டரர்ஸுக்கு ஆர்பிபி (ரெட் அண்ட் பிளாக் ப்ளாக்), சிட்னி எஃப்சிக்கு தி கோவ். அங்க டிக்கெட் எடுத்தா 90 நிமிஷமும் நிக்கணும், பாடணும், கை தட்டணும், போன்ல வீடியோ எடுத்துட்டே நின்னா பக்கத்துல இருக்கறவரு சொல்லிடுவாரு. சின்னப் பசங்க, வயசான அப்பா அம்மா கூட போறீங்கன்னா சைடு ஸ்டாண்ட் எடுங்க, அங்க இருந்தும் எல்லாம் கேக்கும், கூட்டத்தையே பாக்குற மாதிரி இருக்கும்.

பாரமட்டான்னா கார் எடுத்துட்டு போகாதீங்க. ஸ்டேஷன்ல இறங்கி சர்ச் ஸ்ட்ரீட்ல நடங்க, வழி பூரா சாப்பாட்டுக் கடை, டெர்பி அன்னிக்கு நம்ம சிவப்பு கருப்பும் சிட்னி எஃப்சியோட வானநீலமும் ஒரே வரிசைல நிக்கும். லெனாக்ஸ் பிரிட்ஜ் தாண்டும்போது கொஞ்சம் நில்லுங்க, கீழ ஆறு, பின்னாடி எங்கயோ ட்ரம் சத்தம் மொதல்ல மெதுவா கேக்கும், ஆர்பிபி ஊர்வலமா வருதுன்னு அர்த்தம், அது கிட்ட வர வர பாலத்து கைப்பிடில வச்ச கை அதிரும். எனக்கு இத்தனை வருஷம் ஆகியும் அந்த எடத்துல வயித்துக்குள்ள ஒண்ணு பண்ணும். சிட்னி எஃப்சியோட அலையன்ஸ் ஸ்டேடியத்துக்கு போறப்ப சென்ட்ரல்ல இறங்கி லைட் ரயில்ல மூர் பார்க் போங்க, கூட்டம் அதிகம்னா நடந்தே போயிடலாம்.

உள்ள போனதும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது 80-வது நிமிஷம். ஆர்பிபி அப்ப மைதானத்துக்கு முதுகைக் காட்டி, தோள் மேல தோள் போட்டு குதிக்கும், 1880-ஐ நெனச்சு. பந்து எங்க இருக்கு, யாருகிட்ட இருக்குன்னு பாக்க முடியாது. மொத தடவை எனக்கு பயமா இருந்துச்சு, ஸ்கோர் 0-0, பின்னாடி கோல் விழுந்துட்டா என்னன்னு. பக்கத்துல இருந்தவரு அரேபிக் ஆளு, அந்தப் பக்கம் ஒரு குரோஷியன் பாட்டி, ரெண்டு பேரும் என் தோளை இறுக்கிப் புடிச்சிருந்தாங்க, திரும்பறதுக்கு வழியே இல்ல, சரின்னு நானும் குதிச்சேன்.

எதிர் டீம் ஆளுங்களை கிண்டல் பண்ணலாம், பண்ணணும், அது தான் டெர்பி. ஆனா விஷயம் தெரிஞ்சு பண்ணுங்க. சிட்னி எஃப்சிக்காரங்க அஞ்சு சாம்பியன்ஷிப்பை எடுத்து வைப்பாங்க, நம்ம மூணு கிராண்ட் ஃபைனல் (சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற கடைசி மேட்ச்) ஆடி மூணும் தோத்ததை சொல்லுவாங்க, உண்மை தான், ஒத்துக்குங்க. அப்புறம் அமைதியா 2014-ன்னு மட்டும் சொல்லுங்க. பாரமட்டால சவுதி கிளப் அல் ஹிலாலை 1-0 ஜெயிச்சு, ரியாத்ல போய் 0-0 புடிச்சு, கிளப் ஆரம்பிச்சு ரெண்டே வருஷத்துல ஆசிய சாம்பியன்ஸ் லீக். வேற எந்த ஆஸ்திரேலிய கிளப்பும் அதை ஜெயிச்சதில்ல. என் மச்சான் சிட்னி எஃப்சி, இதைச் சொன்னா அவரு பேச்சை கிரிக்கெட்டுக்கு மாத்திடுவாரு.

கட்சி மாறுன ஆட்டக்காரரை திட்டலாமா? 2022-ல நின்கோவிச் சிட்னி எஃப்சில இருந்து நம்மகிட்ட வந்தப்ப அந்தப் பக்கம் கொதிச்சாங்க, நமக்கு இனிச்சுது. பந்து அவரு கால்ல இருக்கும்போது கூச்சல் போடுங்க, அது ஆட்டத்துல சேர்த்தி. குடும்பத்தை இழுக்காதீங்க, நிறத்தை, நாட்டை இழுக்கவே இழுக்காதீங்க. பக்கத்துல யாராவது அப்படிப் பேசுனா சும்மா இருக்காதீங்க, பே நம்பரும் வரிசையும் பாத்து வச்சுக்கிட்டு ஸ்டேடியத்துல கூட்டத்தைப் பாத்துக்கற ஸ்டீவர்ட் கிட்ட போய் சொல்லுங்க. நம்ம பசங்க அந்த வார்த்தைய அங்க உக்காந்து கேக்கக் கூடாது.

ஃப்ளேர், அதாவது புகை கக்குற தீப்பந்தம், அது பக்கமே போகாதீங்க, கையில இருந்தாலே தடை விழும், கேஸும் வரும். 2022 டிசம்பர்ல மெல்பர்ன் டெர்பில என்ன ஆச்சுன்னு எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். கிராண்ட் ஃபைனலை மூணு வருஷத்துக்கு சிட்னிக்கே குடுத்துட்டாங்கன்னு நாடு பூரா ரசிகர்களுக்கு கோவம், நியாயமான கோவம், 20-வது நிமிஷம் எழுந்து வெளிய போறதுன்னு முடிவு. அது எவ்ளோ அழகான போராட்டம். ஆனா அன்னிக்கு ஏஏஎம்ஐ பார்க்ல கொஞ்சம் பேரு மைதானத்துக்குள்ள குதிச்சு சிட்டி கோல்கீப்பர் மேல பக்கெட்டை அடிச்சு ரத்தம் வந்து மேட்சே நின்னு போச்சு. 2023-ல அந்த முடிவை வாபஸ் வாங்கிட்டாங்க, ஆனா டெர்பின்னு சொன்னா ரொம்ப நாளைக்கு டிவில அந்த ரத்தம் தான் ஓடிச்சு.

வெஸ்டர்ன் யுனைட்டட் ஆளுங்களைப் பாத்தா கிண்டல் வேணாம். 2022-ல சாம்பியன் ஆன டீம் அது, 2025-26 சீசன்ல ஆடவே இல்ல, பணப் பிரச்சனை. மெல்பர்ன் மேற்குல டார்னீட் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, பசங்களுக்கு பச்சை கருப்பு ஜெர்சி வாங்கிக் குடுத்தவங்க. அவங்களை உங்க கிளப்புக்கு கூப்பிடாதீங்க, உங்க வீட்டுக்கு மேட்ச் பாக்க கூப்பிடுங்க.

பெண்கள் லீக் டெர்பிக்கும் போங்க, பொண்ணு இருக்கற வீடுன்னா கண்டிப்பா. 2023 உலகக் கோப்பைல பிரான்ஸுக்கு எதிரா கடைசி பெனால்டி போட்ட கார்ட்னி வைன் அப்ப சிட்னி எஃப்சி பொண்ணு, அவங்க கலர் பிடிக்காத நானே அன்னிக்கு சோபா மேல ஏறி நின்னேன். ஏ-லீக் இல்லாத மாசங்கள்ல பழைய கிளப்புகள் இருக்கு, பாஸ்லி பார்க்ல மார்க்கோனி, எடென்சர் பார்க்ல சிட்னி யுனைட்டட், வேலிய புடிச்சிட்டு நின்னு செவாப்பி ரோல் (பன்னுக்குள்ள சுட்ட கறி) சாப்பிட்டுட்டே பாக்கலாம். 2025 அக்டோபர்ல அந்த மாதிரி கிளப்புகளுக்குன்னே 16 டீமோட ஆஸ்திரேலியன் சாம்பியன்ஷிப் ஆரம்பிச்சிருக்கு, நம்மளோட பகையெல்லாம் பத்து இருபது வருஷம் தான், அவங்களுது அம்பது வருஷத்துக்கு மேல.

தோத்துட்டு திரும்பும்போது ஸ்கார்ஃபைக் கழட்டி பையில போடாதீங்க. ட்ரெயின்ல எதிர்ல வானநீலம் போட்ட குடும்பம் உக்காந்திருக்கும், அந்தப் பொடியன் உங்களைப் பாத்து சிரிப்பான், ஸ்கோரை விரல்ல காட்டுவான். காட்டட்டும். அடுத்த டெர்பி எந்த தேதின்னு அவன் அப்பாகிட்ட கேளுங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.