எச்டிஎம்ஐ-யில் சத்தம் விட்டு விட்டு வருகிறதா? நானும் செய்த தவறுகள்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் கூப்பிட்டான். மாடி அறையில் கம்ப்யூட்டரை ஏவி ரிசீவரோடு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) எச்டிஎம்ஐ-யில் இணைத்து 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் போட்டிருக்கிறான். “அண்ணா, சத்தம் கட் ஆகிக் கட் ஆகி வருது. ரெண்டு கேபிள் மாத்திட்டேன். ரிசீவரைத்தான் சர்வீஸுக்குக் கொடுக்கணும்போல” என்றான். இரண்டு கேபிள், அப்புறம் சர்வீஸ். நானும் அதே வரிசையில் போய்த் திரும்பியவன்தான் என்பதால் கேட்கவே பாவமாக இருந்தது.

பிளக் லூசா, வேறு ஸ்பீக்கர் தேர்வாகியிருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முதல் வார்த்தை காணாமல் போனதும் கேபிள் வாங்கக் கிளம்புவது

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருவது இதில்தான். படத்தை நிறுத்திவிட்டுப் போய் காபி எடுத்து வந்து மறுபடி ஓடவிட்டால், முதல் வசனத்தில் பாதி வராது. மெயில் வந்தால் அடிக்கும் ‘டிங்’ கேட்காது. யூடியூப்பில் எல்லோரும் ‘வணக்கம்’ சொல்ல, என் வீட்டில் மட்டும் ‘க்கம்’ என்றார்கள். ஆனால் படம் ஓட ஆரம்பித்துவிட்டால் இரண்டரை மணி நேரமும் ஒரு குறை இருக்காது.

முதலில் ஒரு கேபிள் மாற்றினேன். பிறகு கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஆறாயிரம் ரூபாய்க்கு இன்னொன்று. அதிலும் ‘க்கம்’தான். கடைசியில் பத்து கிலோ ரிசீவரை இரண்டு மாடி இறக்கி சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே டிஸ்க் பிளேயரை மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லை சார்” என்று சோதனைக் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லை.

நடப்பது இதுதான். எந்தப் புரோகிராமும் ஒலி அனுப்பவில்லை என்றால், கம்ப்யூட்டர் சில நொடிகளில் அந்த ஒலி ஓட்டத்தையே நிறுத்திவிடும். லினக்ஸில் ஒலியை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் என்ற புரோகிராம் 5 நொடி சும்மா இருந்தாலே மூடிவிடுகிறது. மறுபடி ஒலி வரும்போது, இது என்ன வகை, எத்தனை சேனல், எந்த வேகம் என்று ரிசீவர் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்காமலிருக்க அதுவரை மியூட்டில் வைத்திருக்கும். அந்த ஒரு நொடி, ஒன்றரை நொடியில் வந்த வார்த்தை போனதுதான். படத்துக்குள் வரும் அமைதியான காட்சியில் இந்தத் தொல்லை இல்லை. சத்தம் இல்லாவிட்டாலும் அங்கே ஓட்டம் நிற்பதில்லை. டிஸ்க்கைத் தொடர்ந்து ஓட்டியவர்களிடம் இது ஏன் அகப்படவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது என் மகள். வேறொரு டேபில் ஏதோ பாட்டை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு எழுந்து போயிருந்தாள். அப்போது மெயில் வந்தது. ‘டிங்’ முழுசாகக் கேட்டது! பாட்டை நிறுத்தி, பத்து நொடி விட்டுப் பார்த்தேன். மறுபடி ‘க்கம்’.

பையனையும் போனிலேயே இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னேன். பின்னணியில் ஒரு பாட்டைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டு; முதல் வார்த்தை வந்தால் கேபிளும் ரிசீவரும் நிரபராதிகள். வந்தது. விண்டோஸில் சவுண்ட் கீப்பர் என்ற சின்ன இலவசப் புரோகிராம் ஓட்டத்தை நிற்கவிடாமல் வைத்திருக்கும். லினக்ஸில் வயர்பிளம்பரின் அந்த 5 நொடியையும், ஒலி டிரைவரின் மின்சேமிப்பு நேரத்தையும் பூஜ்யமாக்கினால் போதும். கோடி என்ற வீடியோ பிளேயரின் ஆடியோ செட்டிங்கிலேயே இதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. செலவு, ஒரு ரூபாய்கூட இல்லை.

ரிசீவரின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது

சத்தம் போனதும் எல்லோரும் டிவியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ரிசீவரின் முன்பக்கத் திரையை.

படமும் சத்தமும் சேர்ந்து இரண்டு நொடி போய்த் திரும்பினால் இணைப்பே அறுந்து சேர்கிறது. 4கே 60 ஹெர்ட்ஸை 1080பி-க்கு இறக்கிப் பாருங்கள். கேபிள் சுமக்கும் பாரம் கால்வாசியாகிவிடும். அதில் பிரச்சினை நின்றால், சரி, இப்போது கேபிளைச் சந்தேகப்படலாம். அதுவும் பத்து மீட்டர் செம்புக் கேபிள் என்றால் தாராளமாக.

படம் அசையாமல் இருக்க, ‘பிசிஎம்’ (அமுக்காத டிஜிட்டல் ஒலி) என்ற எழுத்து மட்டும் அணைந்து வந்தால் ஒலியின் வடிவம் மாறுகிறது. பாட்டுக்குப் பாட்டு 44.1-லிருந்து 48 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவும் பிளேயர்களில் இது சகஜம்.

எதுவுமே அணையாமல் கரகர என்று மட்டும் வந்தால் கோளாறு பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், அங்கும் கரகரக்கும். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற புரோகிராம், எந்த டிரைவர் இடையூறு செய்கிறது என்று ஓரளவு சொல்லிவிடும்.

ஒலிக்குத் தனி வழி இருப்பதாக நினைப்பது

எச்டிஎம்ஐ-யில் ஒலிக்கென்று தனிக் கம்பி கிடையாது. 1080பி படத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது 1920×1080. ஆனால் 60 ஹெர்ட்ஸில் கேபிளில் போவது 2200×1125. மீதி இடைவெளியில்தான் ஒலி பயணம் செய்கிறது. திரைக்கான சிக்னல் நின்றால் ஒலிக்கு வண்டியே இல்லை. “பத்து நிமிஷம் கழிச்சுப் பாட்டு தானா நின்னுடுது” என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது, திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்ற செட்டிங்கைத்தான். பாட்டு மட்டும் கேட்டாலும் திரைக்கான சிக்னல் போய்க்கொண்டிருக்க வேண்டும். டிவியை அதன் ரிமோட்டில் அணைத்துக்கொள்ளுங்கள்.

படம் தொடங்கும்போது திரை 60-லிருந்து 24 ஹெர்ட்ஸுக்கு மாறும் பிளேயர்களிலும் இதே கதை. மாறி முடியும்வரை சில நொடி பொறுக்கும்படி பிளேயரில் வைக்கலாம்.

டிவிக்குக் கொடுத்து, ஏஆர்சி வழியாக ரிசீவருக்கு எடுப்பது

டிவியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்புவதுதான் ஏஆர்சி. பழைய ஏஆர்சி-யில் அமுக்காத 5.1 போகாது. அதன் புதிய வடிவமான இஏஆர்சி இல்லையென்றால் கம்ப்யூட்டரை நேராக ரிசீவருக்கே கொடுங்கள்.

டிரைவர், கேபிள், செட்டிங் மூன்றையும் ஒரே ராத்திரியில் மாற்றுவது

சரியானாலும் எதனால் என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் மறுபடி வரும்.

ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிளைத் திருப்பி மாட்டுவது

ஒளியிழை வைத்த இந்தக் கேபிளுக்குத் திசை உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’ (அனுப்பும் பக்கம்), மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’ (வாங்கும் பக்கம்) என்று எழுதியிருக்கும். சுவருக்குள் இழுத்து, சிமென்ட் பூசி, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள்.