இலக்கங்களை ஒட்டிப் பகா எண் தேடுகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

பாம்பனில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கரையோரம் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படகுகளின் பதிவெண்களில் கடைசி இலக்கங்களை ஒட்டி, வருவது பகா எண்ணா என்று பார்ப்பார்கள். 3-ம் 7-ம் சிக்கிய அன்று ஒரே கூச்சல். 37 பகா எண். திருப்பிப் போட்டால் 73, அதுவும் பகா எண். 8 அடிமானத்தில், அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் எட்டு எட்டாக எண்ணி எழுதும் முறையில், 37 என்பது 3×8+7, அதாவது 31. 73 என்பது 59. இருமத்தில் (2 அடிமானம்) 3 என்பது 11, 7 என்பது 111. ஒட்டினால் 11111, அதாவது 31. எல்லாமே பகா எண்கள்! "அப்ப எந்த அடிமானத்துல ஒட்டினாலும் வரும் சார்" என்றான் ஒருவன்.

வராது. 9 அடிமானத்தில் அதே 37, 3×9+7 = 34.

குழப்பம் எங்கே என்றால், 37 என்ற அளவை எந்த அடிமானத்தில் எழுதினாலும் அது பகா எண்தான். இருமத்தில் 100101 என்று எழுதுவதால் அதன் குணம் மாறாது. ஆனால் 3-ஐயும் 7-ஐயும் தனித்தனியே மாற்றி ஒட்டும்போது கிடைப்பது வேறொரு எண். ஒட்டிவிட்டு மாற்றுவதும், மாற்றிவிட்டு ஒட்டுவதும் ஒன்றல்ல. நான் திருத்தும் நோட்டுகளில் பாதிப் பிழை இதுதான்.

அப்புறம், பத்தின் பழக்கங்கள். 1, 2, 3 ஒட்டினால் 123. இலக்கக் கூட்டல் 6, ஆகவே 3-ஆல் வகுபடும் என்று உடனே அடித்துவிடுவோம். பத்தில் சரி, 3×41. 8 அடிமானத்தில் 123 என்பது 64+16+3 = 83, பகா எண்! 10-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால்தான் அந்த விதி வேலை செய்கிறது. 8-ஐ வகுத்து மீதி 1 தருவது 7. அங்கே இலக்கக் கூட்டல் 7-க்குத்தான் உதவும்.

கடைசி இலக்கத்தையும் நம்பாதீர்கள். 5 அடிமானத்தில் 12 என்பது 7; 2-ல் முடிந்தாலும் ஒற்றைப்படை. ஒற்றைப்படை அடிமானத்தில் இலக்கங்களின் கூட்டல் இரட்டையானால்தான் எண்ணும் இரட்டை. மேலே 34 வந்ததும் அதனால்தான்.

16 அடிமானத்தில் 13 ஒரே இலக்கம், ‘டி’ (D) என்ற எழுத்து. 1-ஐயும் 13-ஐயும் ஒட்டினால் 1டி, அதாவது 29, பகா எண். பழக்கத்தில் 113 என்று எழுதினால் அங்கே அதன் மதிப்பு 275.

இனி எக்செல். 82, 81, 80 என்று இறங்கி 1 வரை பத்தில் ஒட்டினால் வரும் 155 இலக்க எண் பகா எண்தான். ஆசைப்பட்டு அதை எக்செல் கட்டத்தில் எண்ணாகப் போட்டுப் பார்க்காதீர்கள். முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் அது 2-ஆலும் வகுபடும், 5-ஆலும் வகுபடும்.