கார்டு பையில்தான் இருக்கிறது, பணத்தைக் காணோம்

பெட்ரோல் பங்கில் அடிக்கடி பார்க்கிற காட்சி. பைக்கில் உட்கார்ந்தபடியே ஒருவர் கார்டை நீட்டுவார். பெட்ரோல் போடும் பையன் அதை வாங்கிப் போய், பத்தடி தள்ளி இருக்கும் மெஷினில் செருகிவிட்டு, அங்கிருந்தே "பின் நம்பர் சொல்லுங்க சார்" என்பான். இவரும் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, காற்றடிக்கிற அண்ணன், பின்னால் நிற்கிற ஆட்டோ, பக்கத்து வண்டியில் இருக்கிற குடும்பம் எல்லோருக்கும் கேட்கும்படி "நாப்பத்தஞ்சு, பன்னெண்டு" என்று ஒப்பிப்பார். பையன் நல்லவனாகத்தான் இருப்பான். கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்களா என்பதுதான் தெரியாது.

கார்டை நகலெடுத்துப் பணம் எடுக்கும் ஸ்கிம்மிங் திருட்டுக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, கார்டின் முதுகில் இருக்கும் கறுப்புக் காந்தப் பட்டையின் நகல். இன்னொன்று, நாலு இலக்கப் பின். பட்டையில் கார்டு எண், பெயர், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும், பின் இருக்காது. பட்டையைப் படிக்கத் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி போதும், ஒரு இழுப்பு போதும். அது நடப்பது நம் கண்ணில் படவே படாது. அதனால் முதலாவதைத் தடுப்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. நாம் செய்கிற தவறுகளில் பாதி, அந்த இரண்டாவது பொருளை நாமே எடுத்துக் கொடுப்பதுதான்.

திருவனந்தபுரத்தில் 2016 ஆகஸ்டில் நடந்ததை நினைவிருக்கலாம். ருமேனியாவிலிருந்து சுற்றுலாப் பயணிகள் போல வந்தவர்கள் ஓர் ஏடிஎம் அறைக்குள் கருவி பொருத்திவிட்டுப் போனார்கள். பார்க்கப் புகை கண்டறியும் கருவி மாதிரியே இருந்தது. உள்ளே இருந்தது கேமரா. பணம் எடுக்க வந்தவர்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் கணக்குகளிலிருந்து மும்பை ஏடிஎம்களில் பணம் போனது. பிடிபட்ட முதல் ஆளும் மும்பையில்தான் சிக்கினார்.

"ஏடிஎம்முக்குள் போனதும் கார்டு செருகும் இடத்தை ஆட்டிப் பாருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆட்டிப் பாருங்கள், தப்பில்லை. மேலே ஒட்டவைத்த கருவி அசையும், நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், ஓரத்தில் பசை தெரியும். ஆனால் அதை மட்டும் நம்புவதுதான் படித்தவர்கள் செய்கிற தவறு. சிப்பைப் படிக்கிற காகிதம் போன்ற மெல்லிய கருவியைத் துவாரத்துக்குள்ளேயே சொருகி விடுகிறவர்களும் உண்டு. வெளியே ஆட்டினால் எதுவும் அசையாது. சில வங்கிகள் பாதுகாப்புக்கென்று பொருத்தியிருக்கும் பச்சை பிளாஸ்டிக் முகப்பைப் பார்த்து, இதுதான் திருட்டுக் கருவி என்று பிடித்து இழுத்தவர்களும் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியே 2019 மார்ச்சுக்குள் எல்லா ஏடிஎம்மிலும் ஸ்கிம்மிங் தடுப்பு பொருத்தச் சொல்லியிருந்தது. எது தடுப்பு, எது திருட்டு என்று வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு எப்படித் தெரியும்?

கையால் மறைப்பதற்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. கேமரா கூரையில் இருந்தாலும் திரைக்கு மேலே இருந்தாலும், எண்களை அழுத்துகிற விரலுக்கு மேல் இன்னொரு கை கூரை போட்டிருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. கீபேட் மேலேயே போலி கீபேட் ஒட்டியிருந்தால் இது பலிக்காது என்பது உண்மை. ஆனால் கேமரா வைப்பது சுலபம், கீபேட் செய்வது கஷ்டம். திருடர்களும் சுலபமானதைத்தான் செய்வார்கள். என் அப்பா இப்போது தோள் துண்டை எடுத்துக் கீபேட் மேல் போட்டு, உள்ளே கைவிட்டுத்தான் பின் அடிக்கிறார். பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் கண்டுகொள்வதில்லை. காரணம் இருக்கிறது.

2018 தொடக்கத்தில் அவருடைய ஓய்வூதியக் கணக்கிலிருந்து நாற்பதாயிரம் போனது. சனிக்கிழமை இரவு 11.52-ஐ ஒட்டி இரண்டு முறை பத்தாயிரம், 12.04-ஐ ஒட்டி மறுபடி இரண்டு முறை. அந்த நேரக் கணக்கைப் பார்த்ததும் வங்கியில் வேலை பார்த்த மாமா சொல்லிவிட்டார், "இது பழகின கை." கார்டுக்கு ஒரு நாளைக்கு இருபதாயிரம்தான் வரம்பு. நள்ளிரவுக்கு முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள். பத்து நிமிஷத்தில் இரண்டு நாள் வரம்பையும் காலி செய்துவிடலாம். மறுநாள் ஞாயிறு, கிளை மூடியிருக்கும்.

கார்டு அப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. அதனால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. பதினொரு நாள் கழித்து பாஸ்புக் போடப் போனபோதுதான் தெரிந்தது. எஸ்எம்எஸ் வரவில்லையா? வந்தது, ஆனால் அவருக்கு வரவில்லை. கணக்கில் இருந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன பழைய நம்பர். ஆத்திரத்தில் அந்த நம்பருக்கு நான் போன் செய்தேன். யாரோ ஒரு பெண்மணி எடுத்தார். "ஆமாங்க, ராத்திரி நாலு மெசேஜ் வந்துச்சு. யாருக்கோ வர்றது தப்பா வந்துருக்குன்னு டெலிட் பண்ணிட்டேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. அம்மாவின் கணக்குக்கு வெளிநாட்டில் இருக்கிற மகனின் பழைய நம்பர், தாத்தா கணக்குக்கு நம்பரே இல்லை. நம்பர் சரியாக இருக்கிறவர்களும், "பேங்க் மெசேஜ்தானே" என்று திறக்காமலே விடுகிறார்கள். லோன் வேண்டுமா என்று தினமும் பத்து மெசேஜ் அனுப்பி வங்கிகளே நம்மை அப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த மெசேஜ் ஏன் அவ்வளவு முக்கியம்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று போட்ட சுற்றறிக்கை, பணம் போனால் யார் பொறுப்பு என்று வகுத்தது. தப்பு வங்கியுடையது என்றால் நமக்கு எந்த இழப்பும் இல்லை. வங்கியும் காரணமில்லை, நாமும் காரணமில்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலைநாளுக்குள் புகார் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். 4 முதல் 7 வேலைநாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு நம் இழப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. ஏழு நாள் தாண்டினால் வங்கி வைத்திருக்கும் கொள்கைப்படி. பின்னை நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் செய்கிற நிமிஷம் வரைக்கும் போனதெல்லாம் நம் தலையில்தான்.

இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெட்ரோல் பங்க் நினைவுக்கு வரும். பெங்களூரில் ஒரு வழக்கு. 2013-ல் பிரசவம் முடிந்து வீட்டில் இருந்த பெண் ஒருவர், கணவரிடம் கார்டையும் பின்னையும் கொடுத்து 25,000 எடுத்துவரச் சொன்னார். மெஷின் பணம் தரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்தது. 2018-ல் நுகர்வோர் மன்றம் வங்கியின் பக்கமே தீர்ப்புச் சொன்னது: பின்னை இன்னொருவரிடம் கொடுத்தது விதிமீறல். கொடுத்தது கணவரிடம்! அப்படியிருக்க, பக்கத்து வீட்டுப் பையனிடம் "ரெண்டாயிரம் எடுத்துட்டு வாப்பா" என்று கார்டைக் கொடுத்தனுப்பும் பாட்டிகளின் கதி என்ன?

பாட்டிகள் விஷயத்தில் ஸ்கிம்மிங்கைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. எந்தக் கருவியும் வேண்டாத திருட்டு. ஏடிஎம்மில் தடுமாறி நிற்கிற வயதானவரிடம் ஒருவன் வந்து, "குடுங்கம்மா, நான் போட்டுத் தர்றேன்" என்பான். பின்னைக் கேட்பான், அல்லது அழுத்தும்போது பார்த்துக்கொள்வான். "மெஷின்ல பணம் இல்லம்மா, வேற ஏடிஎம் போங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுப்பான். கொடுத்தது அதே வங்கியின், அதே நிறத்துக் கார்டு. வேறு யாருடையதோ. அம்மா அடுத்த ஏடிஎம்முக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் வேலையை முடித்திருப்பான். கார்டில் இருக்கும் பெயரை யாரும் படிப்பதில்லை என்பதுதான் அவன் முதலீடு. எங்கள் வீட்டில் அம்மா, பெரியம்மா கார்டுகளின் மூலையில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். சிப்பிலும் பட்டையிலும் படாமல் வைத்தால் போதும். எழுத்து தெரியாவிட்டாலும் பொட்டு தெரியும்.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். கார்டு செருகும் துவாரத்தில் பசை தடவி கார்டைச் சிக்கவைத்துவிட்டு, அருகிலேயே "உதவிக்கு அழைக்கவும்" என்று ஒரு கைபேசி எண்ணை ஒட்டிவைப்பவன். கார்டு சிக்கினால் அங்கிருந்து நகராமல், வங்கியின் சொந்த எண்ணுக்குப் பேசி பிளாக் செய்யுங்கள். அந்த எண் கார்டின் பின்பக்கம்தான் அச்சாகியிருக்கும், கார்டோ மெஷினுக்குள்ளே. இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். அந்த நேரத்தில் கூகுளில் தேடினால் முதலில் வருவது திருடனின் நம்பராகவும் இருக்கலாம்.

"இப்பதான் சிப் கார்டு வந்துருச்சே, இன்னுமா ஸ்கிம்மிங்?" என்று கேட்கிறார்கள். பட்டை மட்டும் இருந்த பழைய கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. அப்பாவின் கார்டு அந்தப் பழைய ரகம். சிப், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குறியீட்டை உண்டாக்குகிறது. நேற்றையதைத் திருடி இன்று ஓட்ட முடியாது. அதனால் ஆபத்து நிஜமாகவே குறைந்திருக்கிறது. ஆனால் சிப் கார்டைத் திருப்பிப் பாருங்கள், கறுப்புப் பட்டை அங்கேயேதான் இருக்கிறது. அந்த நகலை வெளிநாட்டில், பட்டையை இன்னும் ஏற்கிற ஏதாவது மெஷினில் முயன்று பார்ப்பார்கள். வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபியும் கேட்பதில்லை. கார்டு எண், தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் போதும். அந்த மூன்று இலக்கம் பட்டையில் கிடையாது, போட்டோ எடுத்தால்தான் கிடைக்கும். ஓட்டலில் பில் அட்டைக்குள் கார்டை வைத்து அனுப்பிவிட்டு நாம் சோம்பு மென்றுகொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிஷம் அதற்குத் தாராளம். "மெஷினை இங்க கொண்டு வாங்க தம்பி" என்று கேட்க ஏன் இவ்வளவு கூச்சம்?

இதற்காகத்தான் 2020 அக்டோபர் முதல் புது கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும்படி வருகின்றன. வெளிநாடு, இணையம், தொட்டுச் செலுத்துவது எல்லாம் நாமாகத் திறந்தால்தான். ஒரு தடவை எதற்கோ திறந்துவிட்டு மூட மறப்பது பலர் வழக்கம். வங்கியின் ஆப்பில் கார்டு பகுதிக்குள் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருந்தால் மூடுங்கள், ஏடிஎம் வரம்பைத் தேவைக்குக் குறையுங்கள். மாதம் பத்தாயிரம் எடுக்கிறவருக்கு நாளொன்றுக்கு நாற்பதாயிரம் வரம்பு எதற்கு?

தொட்டுச் செலுத்தும் கார்டுக்கு அலுமினியத் தாள் சுற்றி வைக்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பின் இல்லாமல் 5,000 ரூபாய் வரை போகும் என்பதால் தொலைந்தால் ஆபத்துதான். ஆனால் கார்டு கையை விட்டுப் போகாமலே வேலை முடிகிறது. பட்டையை இழுக்கக் கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். 'கேன்சல் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் பின் திருட முடியாது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் பொய், பின்னைத் தலைகீழாக அடித்தால் போலீஸ் வரும் என்பதும் பொய். பல ஏடிஎம்களில் இப்போது கார்டே இல்லாமல், திரையில் வரும் யுபிஐ க்யூஆரைப் போனில் ஸ்கேன் செய்து பணம் எடுக்கலாம். ஸ்கிம்மர் படிக்க அங்கே எதுவும் இல்லை.

பணம் போனது தெரிந்தால் முதலில் கார்டை பிளாக் செய்யுங்கள். வீட்டில் யார் எடுத்தார்கள் என்ற விசாரணை அப்புறம். அடுத்து 1930. சைபர் குற்றங்களுக்கான அந்த எண்ணில் சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச்சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. பிறகு கிளைக்குக் கார்டோடு போய் எழுத்தில் புகார் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். "வாயால சொல்லிட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். முதல் தடவை சொன்னதற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை, மறுபடி எழுதிக் கொடுத்த தேதியை வைத்துத்தான் அவர்கள் நாட்களை எண்ணினார்கள். புகார் சொன்ன 10 வேலைநாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், நம் மேல்தான் தப்பு என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்றெல்லாம் அதே சுற்றறிக்கையில் இருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 14448-ல் வழி சொல்வார்கள். கட்டணம் கிடையாது.

அப்பாவுக்கு இருபதாயிரம்தான் திரும்பி வந்தது, அதுவும் ஐந்து மாதம் கழித்து. மீதிக்கு வங்கி அனுப்பிய கடிதத்தில் ஒரே வரி: பதிவு செய்யப்பட்ட கைபேசி எண்ணுக்கு உரிய நேரத்தில் தகவல் அனுப்பப்பட்டது.