பழைய கொலைக் கோப்பில் இருக்கும் உருவப்படத்தை எடை போடுவது எப்படி?

துப்பு துலங்காத கொலை வழக்கின் கட்டைப் பிரித்தால் பெரும்பாலும் நடுவில் ஒரு பென்சில் படம் இருக்கும். சாட்சி சொல்லச் சொல்ல யாரோ வரைந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் சாட்சியின் முதல் வாக்குமூலத்தைப் படியுங்கள். பழைய வழக்கு என்றால் அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் போலீஸ் பதிந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பதிந்த வழக்கு என்றால், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 180ஆம் பிரிவு. சம்பவத்தன்று "நெட்டையான ஆளு, மூஞ்சி சரியா தெரியல்ல" என்று சொன்னவர், பத்து நாள் கழித்து வரைந்த படத்துக்குப் புருவத்தையும் உதட்டு வளைவையும் துல்லியமாகச் சொல்லியிருந்தால், அந்த விவரம் நடுவில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்டேஷனில் காட்டிய பழைய குற்றவாளிகள் ஆல்பம், டீக்கடைப் பேச்சு, வாட்ஸ்அப்: இந்த மூன்றையும் தேதிவாரியாகச் சரிபாருங்கள்.

அடுத்து இடத்துக்குப் போங்கள். அதே நேரம், முடிந்தால் அதே மாதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர் சாட்சி என்றால் மத்தியானம் போய் நின்று பயனில்லை. மாதமும் முக்கியம்: தை, மாசியில் இலை உதிர்ந்து கிடக்கும் தோட்டத்தில் விழுகிற நிலா வெளிச்சம், ஆடியில் தழைத்து நிற்கும்போது தரைக்கு வராது. 50 மீட்டர் டேப்பும், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோன் ஆப் தோராயத்துக்குத்தான் ஆகும், ரிப்போர்ட்டில் எழுத ஆகாது.

சாட்சி நின்ற இடத்தில் ஒருவரையும், அந்த ஆள் நின்றதாகச் சொல்லும் இடத்தில் அதே உயரமுள்ள இன்னொருவரையும் நிறுத்துங்கள். மீட்டரைப் பார்க்கப்பட்டவரின் முகத்தருகே, சாட்சியின் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். பலர் சாட்சி நின்ற இடத்தில் அளந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த எண் எதற்கும் உதவாது. 1996இல் டச்சு உளவியலாளர் வில்லெம் வாகெனாரும் உடன் ஆய்வாளரும் ஒரு கணக்கு சொன்னார்கள்: தூரம் 15 மீட்டருக்குள், வெளிச்சம் 15 லக்ஸுக்கு மேல் இருந்தால்தான் முகம் பார்த்ததை நம்பலாம். முழுநிலவில் அரை லக்ஸ்கூடத் தேறாது. 150 அடிக்கு அப்பால் நல்ல பார்வை உள்ளவருக்கும் பகலில்கூட அந்நிய முகம் பிடிபடாது.

தெருவிளக்கு இருந்த இடம் என்றால் ஒரு சிக்கல் உண்டு. அன்று மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்த கம்பத்தில் இன்று எல்.இ.டி. இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் சட்டை நிறம், தோல் நிறம் எதுவும் நம்பகமில்லை. அந்தக் கம்பத்தில் என்ன விளக்கு, எப்போது மாற்றினார்கள் என்று பஞ்சாயத்திலோ பேரூராட்சியிலோ கேட்டு எழுதி வாங்குங்கள். "ரெண்டு நிமிஷம் பாத்தேன்" என்பதையும் நடித்துக் காட்டச் சொல்லி ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். பல நேரம் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். கையில் வெட்டுக்கத்தி இருந்திருந்தால் அதிலும் பாதி நேரம் கண் கத்தியில்தான் இருந்திருக்கும்.

இவ்வளவும் தேறினாலும் படம் ஏன் சறுக்குகிறது? அந்நியரைப் பார்க்கும்போது நம் மனதில் பதிவது முடி, தலை வடிவம், தாடி. தெரிந்தவரை அடையாளம் காண்பதோ கண், மூக்கு, வாயை வைத்து. ஆகவே சாட்சி நன்றாகச் சொல்லும் பகுதி, படத்தைப் பார்த்து "இது நம்ம ஆளாச்சே" என்று சொல்ல வேண்டிய அண்டைவீட்டாருக்கு உதவாது. 2005இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், முகத்தைப் பார்த்து இரண்டு நாள் கழித்து உருவாக்கிய படங்களுக்குச் சரியான பெயர் சொல்லப்பட்டது சராசரியாக நூற்றுக்கு மூன்று முறைதான். ஓவியர் கையால் வரைந்தவை எட்டு அளவுக்கு வந்தன. நம் ஊரில் படம் வரைவது எத்தனையாவது நாள் என்று கோப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நடந்த சம்பவம் என்றால் மாலை போட்ட ஆண்கள் தாடியோடுதான் திரிவார்கள். தை பிறந்ததும் மழித்துவிடுவார்கள். அந்தத் தாடியை நம்பித் தேடுவது வீண். தாடி இல்லாத இரண்டாவது பிரதி ஒன்றும் கோப்பில் வையுங்கள். ஹெல்மெட், மாஸ்க் மறைத்த பகுதியை ஓவியர் ஊகித்து நிரப்பியிருந்தால் அதை அழித்து வெள்ளையாக விடுங்கள்.

அதே சாட்சியை வைத்து ஆண்டுகள் கழித்துப் புதிதாக வரையாதீர்கள். இப்போது அவர் நினைவில் இருப்பது பழைய படம்தான். இதுவரை யாரும் வரையக் கூப்பிடாத சாட்சி கிடைத்தால் மட்டும் முயலலாம். தனி அறை, இரண்டு மூன்று மணி நேரம், குறுக்கே பேச ஆள் கூடாது. "மூக்கு நீளமா?" என்று தொடங்கினால் கதை முடிந்தது. "அக்கா, அன்னைக்கு அங்க நின்னப்போ என்னெல்லாம் கண்ணுல பட்டுது, என்ன சத்தம் கேட்டுது?" என்று இடத்திலிருந்து தொடங்கி ஆளுக்கு வாருங்கள். பிறகு, "பாத்தா எப்படிப்பட்ட ஆளா தோணிச்சு?" என்று கேளுங்கள். குணத்தைப் பற்றி யோசிக்கும்போது முகம் முழுசாக நினைவுக்கு வருகிறது. மாதிரி மூக்கு, கண் படங்களைச் சாட்சி தானாகச் சொல்லி முடித்த பிறகே காட்ட வேண்டும். வரையும்போது "சரியா இருக்கா?" என்றால் மரியாதைக்காக "ஆமா சார்" என்பார்கள்; "எங்க தப்பா இருக்கு?" என்று கேளுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் நேரத்தோடு ஒரு ஃபோட்டோ எடுங்கள்.

படத்தை வெளியிடும்போது உயரம், உடல்வாகு, நடை ஆகியவற்றையும் எழுதுங்கள். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தின் பாறசாலை என்பதால் மலையாளத்திலும் ஒன்று அடியுங்கள். வரும் அழைப்புகளைச் சாயலை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம். அன்று அந்தப் பக்கம் இருக்க வாய்ப்பிருந்ததா என்பதை வைத்து வரிசைப்படுத்துங்கள். 1984இல் அமெரிக்காவின் மேரிலேண்டில் ஒரு சிறுமி கொலையில் உருவப்படத்தைப் பார்த்து ஒருவர் ஃபோன் செய்ய, கிர்க் பிளட்ஸ்வொர்த் பிடிபட்டார். சாட்சிகள் சொன்னது ஆறடி ஐந்தங்குல ஒல்லி ஆள். பிளட்ஸ்வொர்த்தின் உயரமும் உடம்பும் அதற்கு ஒத்துவரவில்லை. இருந்தும் 1985இல் மரண தண்டனை. 1993இல் டி.என்.ஏ. சோதனை அவரை விடுவித்தது; உண்மையான ஆள் சிக்கியது 2003இல். ஆகவே கோர்ட் சொத்து அறையில் உடுப்பும் ரத்தக்கறைத் துணியும் இன்னும் இருக்கின்றனவா என்று பார்ப்பதைப் படம் ஒட்டுவதற்கு முன்பே செய்யுங்கள்.

ஆள் பிடிபட்டால் முகத்தை மூடியே கொண்டுபோங்கள், பத்திரிகைக்கு ஃபோட்டோ தராதீர்கள். சாட்சி முன்கூட்டியே பார்த்துவிட்டால், பலரை வரிசையாக நிறுத்தி அதில் ஆளைக் காட்டச் சொல்லி மாஜிஸ்திரேட் நடத்தும் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பு போய்விடும். கூட நிறுத்தும் ஆட்கள் சாட்சியின் முதல் வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். படம் வரைய உதவிய சாட்சி பிறகு அணிவகுப்பில் தடுமாறுவதும் 2005இல் இன்னோர் ஆய்வில் தெரிந்தது. எனவே ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் இருந்தால், மிக நன்றாகப் பார்த்தவரைப் படம் வரையக் கூப்பிடாமல் அணிவகுப்புக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.