பெவல் மட்டம் வாங்கப் போகிறீர்களா? முதலில் பூட்டைப் பாருங்கள்

பெவல் மட்டம் என்பது ஒரு கைப்பிடியும், அதில் திருகால் கோத்து எந்தக் கோணத்திலும் சாய்த்து இறுக்கக்கூடிய ஒரு தட்டையான அலகும்தான். அதற்கு வேலை ஒன்றுதான். ஓரிடத்தில் பிடித்த கோணத்தை இன்னோர் இடத்துக்குச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது எத்தனை டிகிரி என்று மட்டத்துக்கும் தெரிய வேண்டாம், நமக்கும் தெரிய வேண்டாம். எங்கள் நாகர்கோவில் பக்கத்து ஓட்டு வீடுகளில் உளுத்துப்போன கைமரத்தை, அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்ந்த மரத்தை, கழற்றிவிட்டுப் புதியது போடும்போது இப்படித்தான் நடக்கும். பழைய மரத்தின் நுனி வெட்டில் மட்டத்தை வைத்துக் கோணத்தைப் பிடிப்போம், திருகை இறுக்குவோம், ஏணி வழியாக இறங்கி வந்து முற்றத்தில் கிடக்கும் புது மரத்தில் கோடு போடுவோம். இறங்குகிற வழியில் ஏணிச் சட்டத்தில் ஒரு தட்டு, இடுப்புப் பையில் ஓர் உரசல் இல்லாமல் இருக்காது. அதற்குள் அலகு ஒரு டிகிரி நகர்ந்துவிட்டால், 150 மி.மீ. நீளக் கோட்டின் முனையில் 2.6 மி.மீ. விலகியிருக்கும். கைமரம் முகட்டில் வாய் பிளந்து நிற்கும்.

ஆகவே இந்தக் கருவியை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது ஒரு பூட்டை. ரோஸ்வுட் கைப்பிடி, பித்தளைக் கட்டு, நீலம் பாய்ந்த எஃகு எல்லாம் கண்ணுக்கு அழகுதான், மறுக்கவில்லை. பூட்டு நழுவுமானால் அவை மேசைமேல் வைத்துப் பார்க்கத்தான் உதவும்.

கடைக்குப் போகும்போது இழைப்புளி போட்டு ஓரம் நேராக்கிய ஒரு சிறு பலகை, கூராகச் சீவிய பென்சில், 15 செ.மீ. எஃகு ஸ்கேல் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும். காசு உங்களுடையது.

முதலில் இறுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பலகையில் சாய்வாக ஒரு கோடு போட்டு, திருகைச் சற்றுத் தளர்வாக வைத்து, அலகை அந்தக் கோட்டின் மேல் சரியாகப் பொருத்துங்கள். இப்போது மெல்ல இறுக்குங்கள். மலிவான மட்டங்களில் கடைசிக் கால் சுற்றில் அலகு கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகுவது கண்ணுக்கே தெரியும். காரணம் எளிது. நட்டு சுற்றும்போது அதன் அடியில் இருக்கும் வாஷரும் சேர்ந்து சுற்றுகிறது, வாஷர் அலகையும் இழுத்துக்கொண்டு போகிறது. நல்ல தயாரிப்பில் வாஷரோ திருகின் தலையோ சுற்ற முடியாதபடி ஒரு பக்கம் தட்டையாக வெட்டி, கைப்பிடிக்குள் பதித்திருப்பார்கள். இறுக்கம் நேர்க்கீழாக இறங்கும், பக்கவாட்டில் இழுக்காது.

அடுத்தது பிடிமானம். விரல் பலத்தால் மட்டும் இறுக்குங்கள், குறடு வேண்டாம். பட்டறையில் ஒவ்வொரு முறையும் குறடு தேடிக்கொண்டிருக்க முடியாது. இறுக்கிய பிறகு பலகையில் ஒரு கோடு போடுங்கள். பிறகு அலகின் நுனியை உள்ளங்கையில் நாலைந்து தட்டுத் தட்டுங்கள், கட்டை விரலால் இரு பக்கமும் அழுத்துங்கள். மறுபடியும் கைப்பிடியைப் பலகை ஓரத்தில் சேர்த்து, அலகைப் பழைய கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோடும் அலகும் நுனிவரை ஒன்றாக ஓட வேண்டும். நுனியில் வெளிச்சம் தெரிந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், மற்ற சோதனைகளுக்குப் போகவே தேவையில்லை.

முழுக்கத் தளர்த்தாமல் அரைகுறையாகத் தளர்த்திய நிலையையும் கவனியுங்கள். அப்போது அலகு தானாகத் தொங்கிவிடக் கூடாது, விரலால் தள்ளினால் கொஞ்சம் கனமாக நகர வேண்டும். கோணம் பிடிப்பது அந்த நிலையில்தான். கொஞ்சம் தளர்த்தினாலே அலகு லொடலொடவென்று ஆடினால், கைப்பிடியின் காடி, அதாவது அலகு நுழையும் பிளவு, அலகின் கனத்தை விட அகலமாக இருக்கிறது என்று பொருள்.

பூட்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பெரும்பாலான மட்டங்களில் அலகு சுழலும் இடத்திலேயே விங் நட், அதாவது விரலால் திருகச் சிறகு வைத்த நட்டு, இருக்கும். விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் நட்டின் சிறகு கைப்பிடிக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்பதால், அந்தப் பக்கத்தை மரத்தின் மேல் படுக்க வைக்க முடியாது. டவ்டெயில் (புறாவால் போல விரிந்த பற்களால் பலகைகளைக் கோக்கும் இணைப்பு) போடும்போது பலகையின் இரு முகங்களிலும் மட்டத்தைப் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும், அங்கே இந்தச் சிறகு பெரும் தொல்லை. இதற்கு மாற்றாக, கைப்பிடியின் அடிமுனையில் திருகு வைத்து, உள்ளே செல்லும் ஒரு கம்பியால் அலகை இறுக்கும் வகை உண்டு. அமெரிக்க ஸ்டான்லியின் பழைய 18 ஆம் எண் மட்டம் அப்படிப்பட்டது, கைப்பிடியும் இரும்புதான். இன்று ஆஸ்திரேலியாவின் வெஸ்பர் மட்டங்களும் அடிமுனையில்தான் பூட்டுகின்றன, விலையோ தலையைச் சுற்ற வைக்கும். அடிமுனைப் பூட்டில் இரண்டு பக்கமும் வழவழவென்று இருக்கும். கைப்பிடியைப் பிடித்த கையாலேயே இறுக்கவும் முடியும். மேசை, நாற்காலி, பெட்டி செய்கிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கூரை வேலை மட்டும் செய்கிறவருக்கு நல்ல விங் நட் போதும்.

அலகைச் சோதிக்க அதிக நேரம் ஆகாது. அதன் ஓரத்தை வைத்து ஒரு கோடு போட்டு, கருவியைக் குப்புறப் புரட்டி, அதே ஓரத்தை அதே இரு முனைகளில் பொருத்தி மறுபடி கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றானால் ஓரம் நேர். நடுவில் வயிறு தெரிந்தால் வளைவு. பிறகு கைப்பிடியைப் பலகை ஓரத்தில் அழுத்திக்கொண்டு அலகின் இரு ஓரங்களிலும் கோடு போட்டு, இடைவெளியை மேலும் கீழும் அளந்து பாருங்கள். சமமாக இல்லாத அலகில், ஓர் ஓரத்தால் கோணத்தை எடுத்து மறு ஓரத்தால் கோடு போட்டால் வேலை கெடும். கைப்பிடியின் ஓரத்தையும் ஸ்கேலோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மரக் கைப்பிடியானால் இதை வெயில் காலத்தில் வீட்டிலும் ஒருமுறை செய்யுங்கள். மரம் சுருங்கும்போது அதில் பதித்த பித்தளைத் தகடு மேலே துருத்திக்கொண்டு நிற்பது பழைய மட்டங்களில் சாதாரணம். அரம் போட்டுச் சமன் செய்துவிடலாம்.

அளவைப் பொறுத்தவரை, பெட்டி, இழுப்பறை வேலைக்கு 6 அங்குல அலகு கைக்கு அடக்கம். கதவுக்கும் கூரைக்கும் 10 அங்குலம் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8 அங்குலம்.

டிகிரி எழுதிய மட்டங்களைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. கைப்பிடியில் கோணமானி அச்சடித்தவை, பேட்டரியில் எண் காட்டுபவை என்று விதவிதமாக வருகின்றன. அச்சடித்த கோடே அரை டிகிரி பருமன் இருக்கும். அரை டிகிரி என்றால் 150 மி.மீ. தூரத்தில் 1.3 மி.மீ., கழுந்து (துளைக்குள் நுழையும் மர முனை) தளர்ந்து ஆட அது தாராளமாகப் போதும். டிஜிட்டல் கருவி கோணத்தை அளந்து சொல்ல நல்லதுதான். ஆனால் கையில் எடுத்துப் பார்த்த பலவற்றில் திரைக்குச் செய்த செலவு பூட்டுக்குச் செய்யப்படவில்லை. எண் வேண்டுமென்றால் பலகையில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஓரத்துக்குச் செங்குத்தாக மூலைமட்டத்தால் ஒரு கோடு போட்டு அதில் 200 மி.மீ. அளந்து, அங்கிருந்து பக்கவாட்டில் 17.5 மி.மீ. தள்ளிப் புள்ளி வைத்துச் சேர்த்தால் 5 டிகிரி சாய்வு. 35.3 தள்ளினால் 10, 53.6 தள்ளினால் 15. டவ்டெயிலுக்கு டிகிரியே தேவையில்லை. மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, தேக்கு போன்ற கடினமரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்று சரிவு வைப்பது வழக்கம். ஆறுக்கு ஒன்று என்றால், 60 மி.மீ. மேலே போய் 10 மி.மீ. பக்கவாட்டில் வந்தால் முடிந்தது.

பழைய கருவி வாங்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. அங்கே மேல்துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். அலகு வளைந்திருந்தால் மட்டும் கீழே வைத்துவிடுங்கள். ஓரத்தில் சிறு பள்ளம் விழுந்து பென்சில் தடுக்கினால், கண்ணாடிமேல் 220 ஆம் எண் எமரித்தாளை ஒட்டி, அலகை ஒரு சதுரக் கட்டையோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். திருகின் மரை தேய்ந்திருக்கிறதா என்பதைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். பழைய அமெரிக்க ஸ்டான்லியின் மரைக்கு இன்றைய மெட்ரிக் நட்டு ஏறாது. லேத் பட்டறையில் புதிதாகக் கடையச் சொன்னால், அந்தக் கூலியில் இன்னொரு மட்டமே வாங்கிவிடலாம்.

எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் அலகு நிம்மதி. சாதா எஃகு என்றால் மெழுகோ மெல்லிய எண்ணெயோ தடவுங்கள், ஆனால் அலகின் காடிப் பக்கமும் வாஷரும் எண்ணெய் படாமல் இருக்கட்டும். உராய்வில்தான் பூட்டு நிற்கிறது. ஒழுங்காக இருந்த மட்டம் திடீரென்று நழுவ ஆரம்பித்தால், கழற்றி மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்துப் பூட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

கால் விரிந்த ஸ்டூல், முக்காலி செய்கிறவர்கள் இரண்டு மட்டங்களாக வாங்கிக்கொள்வது நல்லது. கால் முன்பின்னாகச் சாய்வது ஒரு கோணம், பக்கவாட்டில் விரிவது இன்னொன்று. ஒரே மட்டத்தை மாற்றி மாற்றி வைத்தால் நாலாவது கால் மற்ற மூன்றோடு ஒத்துப்போகாது. இரண்டாவது விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன தட்டுச் சோதனையில் தேறினால் சில நூறு ரூபாய் மட்டமே போதும். இரண்டும் ஒரே தயாரிப்பானால் ஒன்றின் கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வையுங்கள். சிவப்பு பக்கவாட்டுக்கு, மற்றது முன்பின்னுக்கு. வேலை முடியும்வரை இரண்டின் திருகையும் யாரும் தொடக் கூடாது என்று பட்டறையில் உள்ள பையன்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.