பொள்ளாச்சி டு அதிரப்பள்ளி: வால்பாறை வழியா குடும்பத்தோட கார்ல போறது எப்படி?

மொத தடவை மலை ஏறி வண்டி ஓட்டப் போறவங்களுக்குத்தான் இது. ரூட்: பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி. ஒரே நாள்ல போயிரலாம்னு மேப் சொல்லும், நம்பாதீங்க, குழந்தைங்க பெரியவங்கன்னு கூட்டிட்டுப் போனா வால்பாறைல ஒரு ராத்திரி தங்கிருங்க.

ஸ்டெப் 1: கிளம்புறதுக்கு முன்னாடி

வால்பாறைக்கு இப்ப இ-பாஸ் வேணும், வீட்லயே ஆன்லைன்ல எடுத்துருங்க. பிரேக், டயர், ஸ்டெப்னில காத்து எல்லாம் பாத்துட்டு பொள்ளாச்சிலயே டேங்க் ஃபுல் பண்ணிக்கங்க. காலைல ரெண்டு இட்லி போதும், பூரிய கட்டு கட்டுனா பத்தாவது வளைவுல தெரிஞ்சிரும். வாந்தி எடுக்குற ஆளுக்கு முன் சீட்டு, கைல செல்போன் கூடாது.

ஸ்டெப் 2: 40 கொண்டை ஊசி வளைவு

ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுற ரோடு, இதான் எல்லாரும் பயப்படுற இடம், ஆனா ரூல் சிம்பிள், ஏறுற வண்டிக்குத்தான் வழி. வளைவு வர்றதுக்கு முன்னாடியே செகண்டுக்கோ ஃபர்ஸ்டுக்கோ வந்துருங்க, பாதி திருப்புனப்புறம் கிளட்ச்சை மிதிச்சிக்கிட்டு கியர் தேடுனா வண்டி பின்னாடி உருளும், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான், பதட்டத்துல ஆஃப் ஆயிரும். எதிர்ல பஸ் வந்தா அது திரும்ப முழு ரோடும் வேணும், அதனால கொஞ்சம் கீழயே நின்னு விட்ருங்க, கௌரவம் ஒன்னும் போயிராது. இறங்கும்போதும் அதே சின்ன கியர்தான், பிரேக்லயே காலை வச்சிட்டு வந்தா சூடாகி கருகுன வாடை வரும், அப்புறம் பிரேக் பிடிக்காது.

9வது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட். கீழ ஆழியாறு டேம் முழுசா தெரியும், பாறைல வரையாடு நிக்கும், பக்கத்துலயே வந்தாலும் தீனி போடாதீங்க.

ஸ்டெப் 3: காட்டு ரோடு

வால்பாறைல இருந்து அதிரப்பள்ளி 80 கிலோமீட்டர் சொச்சம். காலைலயே கிளம்பிருங்க, சாயங்காலம் ஆனா செக்போஸ்ட்ல விடமாட்டாங்க. கேரளா பார்டர்ல இருக்குற மளுக்கப்பாறை செக்போஸ்ட்ல நுழையுற நேரத்தைக் குறிச்சிக்குவாங்க, வாழச்சால் செக்போஸ்ட்ல எவ்ளோ நேரத்துல வந்தீங்கன்னு பாப்பாங்க, நடுவுல இறங்கி செல்ஃபி எடுக்குற வேலையே வேணாம். ஏன்னா யானை. இந்த ரோட்டுல கபாலின்னு ஒரு கொம்பன் யானை பேர் போனவன், 2022 நவம்பர்ல ஒரு பஸ்ஸை மறிச்சதுல டிரைவர் 8 கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே வந்தாரு! நீங்க பாத்தா தூரத்துலயே நிறுத்துங்க, இன்ஜின் ஓடட்டும், ஹாரன் வேணாம், லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்காதீங்க, அதுவா போற வரைக்கும் உக்காந்திருங்க.

ஸ்டெப் 4: அருவி

அதிரப்பள்ளி சுமார் 80 அடி, சாலக்குடி ஆறு விழுற இடம். மேல இருந்து பாக்குறது பரவால்ல, ஆனா கீழ இறங்குனாதான் சாரல் மூஞ்சில அடிக்கும், பேசுறது கேக்காது. பாதை செங்குத்து, வழுக்கும், ஹவாய் செருப்பு வேணாம், முட்டி வலிக்காரங்க மேலயே இருக்கட்டும். குளிக்க நெனச்சி துண்டோட வராதீங்க, இது பாக்குற அருவி, குற்றாலம் இல்ல.

திரும்ப மறுபடி காட்டுக்குள்ள போகாம சாலக்குடி இறங்கி திருச்சூர், பாலக்காடு வழியா ஹைவேஸ்ல வந்துருங்க. தூரம் ஜாஸ்திதான், ஆனா வளைவு இல்ல, நடுவுல குதிரான் டன்னல் வரும், தூங்குற பசங்கள எழுப்பி விடுங்க.